பதிலின் முதல் வாக்கியம்

நாடாளுமன்றத்தில் பொது மருத்துவச் சேவை குறித்து யார் எந்தக் கேள்வியை எழுப்பினாலும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலங்களுக்கு உரிய துறைகள், ஆகவே அவற்றை வலுப்படுத்தும் முதன்மைப் பொறுப்பு அந்தந்த மாநில அரசுகளையே சாரும் என்பது அதன் சாரம். ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். வாக்கியம் மட்டும் நிலைத்து நின்றுவிட்டது. ஒரு சிறுகதையின் முதல் வாக்கியத்தைப் பற்றி இரவெல்லாம் விவாதிக்கக் கூடியவர்கள் நாம். நம் உடலோடும் உயிரோடும் தொடர்புடைய இந்த முதல் வாக்கியத்தையும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கியம் பொய்யன்று. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆம் இனமாகப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் இடம்பெற்றிருக்கின்றன. இதன் வேர் 1919ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்கிறது. இரட்டையாட்சி முறையில் மாகாண அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்ட துறைகளுள் சுகாதாரமும் ஒன்று. அந்த அதிகாரத்தைச் சென்னை மாகாணம் வீணாக்கவில்லை. ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1939இல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 1990களின் நடுவில் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் பின்னர் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. சுகாதாரத்தைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றலாம் என்று 15ஆவது நிதிக்குழுவின் தலைவர் என்.கே. சிங் 2021இல் யோசனை சொன்னார். இந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதை ஏற்க மனம் வராது. நமக்கும் அதில் உடன்பாடில்லை.

நம் கேள்வி வேறு. அதிகாரத்திற்கு எல்லை வகுத்த ஒரு சட்ட வாசகம், பதில் சொல்லும் கடமைக்கும் எல்லையாக எப்போது மாறியது? தேசியச் சுகாதார இயக்கத்தின் வழியே மத்திய அரசு நிதி தருகிறது, நிபந்தனை விதிக்கிறது, அறிக்கை கேட்டு வாங்குகிறது. மாவட்ட மருத்துவமனையில் நாளை பணிபுரியப்போகும் மருத்துவர் எந்த நுழைவுத் தேர்வை எழுத வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. இத்தனைக்கும் பிறகு அவையில் எழுந்து அது மாநிலத்தின் துறை என்று சொல்வது, கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கணக்கை அடுத்த வீட்டில் கேள் என்பது போலிருக்கிறது.

இந்த வாக்கியம் தரையில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்ளலாம். சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே சாலையில் அமைந்த இரு ஊர்கள். இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. அவைகளுக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர்களும்கூட. ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னையின் முதல்வர். 1952 தேர்தலில் காமராஜர் மக்களவைக்குச் சென்றது ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்துதான்.

இன்று இவ்வூர்கள் வருவாய் நிர்வாகத்தில் விருதுநகர் மாவட்டம். பொதுச் சுகாதாரத் துறையின் கணக்கில் சிவகாசி சுகாதார மாவட்டம். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு மக்களவைக்குத் தென்காசித் தொகுதி. நோய் முற்றினால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ ஆம்புலன்ஸ் செல்லும். தென்காசி உறுப்பினர் தில்லியில் கேட்டால் பதில் சென்னையைக் கைகாட்டுகிறது. சென்னைக்குச் சென்றால் விவரம் சிவகாசியிலோ விருதுநகரிலோ இருக்கிறது. இடையில் காய்ச்சலோடு ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு இந்த நான்கு ஊர்ப்பெயர்களாலும் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2018இல் மத்திய அரசு நாடு முழுவதும் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பெயர் சூட்டியது. தமிழகத்திலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். அத்திட்டத்தின் அளவுகோல்களில் சுகாதாரத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் 30 விழுக்காடு மதிப்பெண். மாவட்டத்தை அளந்து மதிப்பெண் போடும்போது பொறுப்பில் பங்கு கொள்பவர்கள், அவையில் பதில் சொல்லும்போது மட்டும் அதை மாநிலத்தின் தலையில் இறக்கிவைத்துவிடுகிறார்கள்.

*

கேள்விக்கு இலக்கணம் உண்டு என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொற்களைத் தாண்டலாகாது. அதில் வாதம் கூடாது, ஊகம் கூடாது, ஏளனம் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, அடைமொழி கூடாது. கவிஞர்களுக்குக்கூட யாரும் இவ்வளவு கறாரான விதியை எழுதித் தந்ததில்லை. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. முதல் வகைக்குத்தான் வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும் உண்டு. ஒரு மணி நேரத்தில் அந்த இருபதும் முடிவதில்லை. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டி, அந்த ஒரு மணி நேரமும் எடுக்கப்பட்டது.

பதிலுக்கு இத்தகைய இலக்கணம் கிடையாது. உறுப்பினர் அ, ஆ, இ, ஈ என நான்காகப் பிரித்துக் கேட்ட கேள்விக்கு 'அ முதல் ஈ வரை' என்று தலைப்பிட்டு ஒரே பத்தியில் பதில் தரலாம். எந்தப் பகுதிக்கு விடை வந்தது, எது பத்திக்குள் புதைந்து போயிற்று என்பதை வாசிப்பவர்தான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு 2021 ஜூலை 20ஆம் நாள் மாநிலங்களவையில் தரப்பட்ட பதில் சான்று. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. சுகாதாரம் மாநிலத்தின் துறை என்று தொடங்கிய பதில், ஆக்சிஜன் இன்மையால் நேர்ந்த மரணம் எதையும் மாநிலங்கள் 'குறிப்பாக' அறிவிக்கவில்லை என்று முடிந்தது. எவரும் இறக்கவில்லை என்று அமைச்சகம் சொல்லவில்லை. குறிப்பாக அறிவிக்கப்படவில்லை என்றது. அந்த 'குறிப்பாக' என்ற சொல் சுமந்த பாரத்தை எந்த நாவலின் எந்தச் சொல்லும் சுமந்திருக்காது. இதில் மாநிலங்களுக்கும் பங்குண்டு. அதே ஆண்டு மே மாதம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஓரிரவில் 13 பேர் இறந்தபோது, ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். கீழிருந்து அறிவிக்கப்படாதது மேலே இல்லாததாகிவிடுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, தொற்றால் இறந்த மருத்துவப் பணியாளர்களின் எண்ணிக்கை மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்று அவையில் பதில் வந்தது. காரணம் அதே முதல் வாக்கியம். இந்திய மருத்துவச் சங்கம் வெகுண்டு, இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலைத் தானே வெளியிட்டது. அரசிடம் இல்லாத எண் ஒரு சங்கத்திடம் இருந்தது.

*

முதல் வாக்கியத்தைப் பயன்படுத்தவே முடியாத இடத்தில் என்ன நடக்கிறது? அதற்கும் நமக்குப் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், தே.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குச் செல்பவர்களின் பாதையில் இருக்கிறது தோப்பூர். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2018இல் தேர்வான இடம் அது. எய்ம்ஸ் முழுக்க மத்திய அரசின் நிறுவனம். மாநிலத்தைக் கைகாட்ட வழியில்லை.

2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், இமாசலப் பிரதேசம், அசாம் ஆகியவற்றோடு தமிழகத்துக்கும் எய்ம்ஸ் அறிவிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 1,264 கோடி ரூபாய், 45 மாதங்கள். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பிலாஸ்பூர் 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. குவாஹாத்தி 2023 ஏப்ரலில். ஜம்முவும் பட்டிண்டாவும் 2024 பிப்ரவரியில். மதுரையில் முதன்மைக் கட்டுமானம் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். அதற்குள் முதல் 50 மாணவர்கள் 2022 முதல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கிப் படிக்க நேர்ந்தது. 2022 செப்டம்பரில், பாரதிய ஜனதா கட்சியின் தலைவராக மதுரைக்கு வந்த ஜே.பி. நட்டா 95 விழுக்காடு பணி முடிந்துவிட்டதாகப் பேசினார். கட்டுமானத்துக்கு முந்தைய பணிகளையே அவர் குறிப்பிட்டார் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. 2024 ஜூனில் அவரே மத்திய சுகாதார அமைச்சரானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கேலிக்குரிய பகுதியை அல்ல. மதிப்பீடு 1,977.80 கோடியாக உயர்ந்தது, அதில் 1,627.70 கோடி ஜப்பானியக் கடன், கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது என்ற விவரங்களையெல்லாம் இன்று தெருமுனையில் நிற்பவரும் சொல்கிறார். மேடைப்பேச்சு இவற்றைத் தரவில்லை. சு. வெங்கடேசன் உள்ளிட்ட உறுப்பினர்கள் அவையில் விடாமல் கேட்டதும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆர்வலர்கள் மனுமேல் மனுப் போட்டதும் கொண்டுவந்த எண்கள் இவை. எண்ணையும் நாளையும் கேட்ட கேள்விக்கு எண்ணும் நாளும் வந்தன. தாமதம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மறைக்க முடியாததாயிற்று.

*

சட்டமன்றத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். சொல்லப்போனால், ராஜபாளையம் மருத்துவமனையைப் பற்றிய கேள்விக்கு உரிய இடமே அதுதான். அங்கே உறுப்பினர்கள் பெரும்பாலும் தரம் உயர்த்த அரசு முன்வருமா என்று கேட்கிறார்கள். நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும் என்று அமைச்சர் சொல்கிறார். தரம் உயர்ந்தால் பெயர்ப்பலகை மாறும். மயக்கவியல் மருத்துவர் இரவில் இருக்கிறாரா என்பது அப்போதும் தெரியாது.

இத்தகைய சிறு விவரங்களில்தான் உயிர் தொங்குகிறது. 2018 டிசம்பரில் இதே மாவட்டத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில், ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து. பின்னர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இரத்த வங்கியில் எத்தனை ஆய்வக நுட்பநர் பணியிடம், எத்தனை காலி, சோதனையைச் சரிபார்ப்பவர் யார் என்ற கேள்விகள் விபத்துக்குப் பிறகு எல்லோர் வாயிலும் வந்தன. அவை விபத்துக்கு முன்பே அவையில் கேட்கப்பட வேண்டியவை.

கேட்கப்படாமல் கிடப்பவை இன்னும் உண்டு. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். அருகிலுள்ள சத்திரப்பட்டி வட்டாரத்தின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணிதான் நாட்டின் பல மருத்துவமனைகளில் புண்களைக் கட்டுகிறது. பஞ்சுத்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோயைச் சட்டமே தொழில்வழி நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவம் தொழிலாளர் துறையின் கீழ் வருவது. பத்துப் பேருக்குக் குறைவான தறிக்கூடத்துக்கு அது கட்டாயமும் அன்று. ஊரார் காயத்துக்குத் துணி நெய்பவரின் இருமலைப் பற்றி எந்த அமைச்சரிடம் கேட்பது? ஜவுளித் துறையா, தொழிலாளர் துறையா, சுகாதாரத் துறையா? மூன்று துறைகளுக்கும் மூன்று முதல் வாக்கியங்கள் தயாராக இருக்கும்.

ஆகவே நாம் வேண்டுவது கேள்வியைத் திருத்தி எழுதுவது. அடைமொழி வேண்டாம், ஆவேசம் வேண்டாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட சிறப்பு மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, குறிப்பிட்ட நாளன்று நிரம்பியவை எத்தனை? கடந்த ஓராண்டில் அங்கிருந்து மதுரைக்கும் விருதுநகருக்கும் அனுப்பப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர், என்னென்ன காரணங்களுக்காக? நூற்பாலை, விசைத்தறித் தொழிலாளர்களுள் எத்தனை பேருக்கு நுரையீரல் சோதனை நடந்தது? எல்லாம் 150 சொற்களுக்குள் அடங்கிவிடும்.

தகவல் திரட்டப்பட்டு வருகிறது, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தாலும் சோர வேண்டியதில்லை. நாடாளுமன்ற வழக்கில் இத்தொடர்கள் அரசு தந்த உறுதிமொழிகளாகவே எண்ணப்படுகின்றன. மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நெறி. அதைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது. தமிழகச் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு. மழுப்பல் என்று நாம் நினைத்துக் கடந்துபோகும் வாக்கியம் சட்டப்படி ஒரு கடன் பத்திரம். அதை வசூலிக்க வரும் ஆட்கள்தான் குறைவு.

இரு ஊர்களிலும் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தங்கள் உறுப்பினருக்கு ஒரு நல்ல கேள்வியை எழுதிக் கொடுப்பதும் இலக்கியப் பணிதான் என்று நாம் நம்புகிறோம். பதில் அப்போதும் அதே முதல் வாக்கியத்தில் தொடங்கலாம். தொடங்கட்டும். இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எண் இருந்தாக வேண்டும்.