ஷோங்குவின் நாட்குறிப்பு

கொல்கத்தாவின் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் 1961ஆம் ஆண்டு சத்யஜித் ராய், பேராசிரியர் ஷோங்குவை அறிமுகம் செய்தார். ஷோங்கு கதைகளுள் ஒன்று, ரோண்டி என்பவர் உருவாக்கிய காலப்பயண இயந்திரத்தைப் பற்றியது. காலத்தைக் கடத்தல் இயலாத செயல். ஆயினும் படிப்போர் நம்புகின்றனர். அக்கதைகள் நாட்குறிப்பு வடிவில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

சிறுவர்க்கு எழுதியவற்றைப் பெரியோரும் விரும்பிப் படித்தனர். ஷோங்குவின் வேறொரு கதையை ராயின் மகன் சந்தீப் ராய் 2019இல் திரைப்படமாக்கினார். திரைப்படம் அனைத்தையும் கண்முன் காட்டிவிடும். நூலோ படிப்பவரையே கற்பனை செய்ய வைக்கும். ஆதலால் படம் பார்த்தவரும் நூலைப் படித்தல் வேண்டும்.

வங்கத்தில் வளரும் தமிழ்ச் சிறுவர் அதனை மூலமொழியிலேயே படிக்கலாம். வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லலாம். பாட்டியும் மகிழ்வார், தமிழும் நாவில் நிலைக்கும்.