இளங்கன்று யாரை மிதிக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, பந்தியும் எழுந்த பிறகு, வாயிற்புறத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் உரையாடிக்கொண்டிருந்தோம். பேச்சு பிள்ளைகளின் கல்லூரிகளை நோக்கித் திரும்பிற்று. தில்லியின் பெண்கள் கல்லூரி விழாக்களில் இளைஞர் கூட்டம் மதிலேறிக் குதித்த செய்தியை ஒருவர் எடுத்தார். உடனே மற்றொரு நண்பர், நல்ல மனிதர், இரு மைந்தரின் தந்தை, “பையன்கள் என்றால் அப்படித்தான் சார், இளங்கன்று பயமறியாது. நாம் செய்யாததா?” என்றார். எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். அன்றிரவு அச்சிரிப்பு என்னை உறங்க விடவில்லை. அவருக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இம்மலரின் வாயிலாகக் காலம் தாழ்த்திச் சொல்கிறேன்.

முதலில் அப்பழமொழியையே எடுத்துக்கொள்வோம். கன்று பயமறியாது என்பது மெய். அது புலியின் முன்னும் துள்ளும். நம் இளைஞர் துள்ளும் இடம் எது? போக்குவரத்துக் காவலரைக் கண்டதும் தலைக்கவசத்தைத் தேடி அணிகின்றனர். வேலைக்கு ஆளெடுக்க வரும் அதிகாரியின் முன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு பூனைபோல் அமர்கின்றனர். பயம் இன்னதென்று அவர்களுக்கு நன்கு தெரியும். பயப்படத் தேவையில்லாத இடம் எதுவென்பது அதைவிட நன்கு தெரியும். 2020 பிப்ரவரியில் கார்கி கல்லூரி விழாவில் வெளியாடவர் கூட்டமாகப் புகுந்து மாணவியரிடம் அத்துமீறினர். 2022 அக்டோபரில் மிராண்டா ஹவுஸின் தீபாவளி விழாவிலும், 2023 மார்ச்சில் இந்திரப்பிரஸ்தா மகளிர் கல்லூரி விழாவிலும் மதிலேறிய காட்சிகளை நாடே கண்டது. புகுந்தவர் அனைவரும் மாணவரல்லர் என்பார்கள். இருக்கட்டும். அன்று அதைக் கேட்டுச் சிரித்த நாம், அவர்களை மாணவரென்று கருதியே மன்னித்தோம் என்பதை மறக்கலாகாது.

இக்‘குறும்பின்’ செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஹோலிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தெருக்களில் நடந்து செல்லும் பெண்கள்மேல் தண்ணீர் பலூன்கள் வந்து விழுவது தில்லிவாசிகளுக்குப் புதிதன்று. 2017 மார்ச்சில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மகளிர் விடுதிகள் இரண்டு, ஹோலிக்கு முன்னிரவிலிருந்து ஹோலியன்று மாலைவரை மாணவியர் வெளியே செல்லலாகாதென்று அறிவிப்பு ஒட்டின. எறிகின்றவன் தெருவில், எறியப்படுகின்றவள் பூட்டிய கதவுக்குள். தீங்கற்ற விளையாட்டு என்றால் பூட்டு எதற்கு?

மாணவப் பருவத்தின் களிப்பையே வெறுக்கும் கிழவன் என்று என்னை எண்ணிவிட வேண்டா. விடுதி மாடியில் விடியும்வரை அளவளாவுவதும், ஆசிரியரின் நடையை நடித்துக் காட்டுவதும், விடுதிச் சமையற்காரரின் பருப்பைப்பற்றிப் பாட்டுக் கட்டுவதும், முதல்வர் வீட்டு மாமரத்தில் கை வைப்பதும் இன்பங்களே. அவற்றை இழந்தவன் கல்லூரியில் பாதியை இழந்தவன். ஆனால் அவற்றுள் ஒன்றிலேனும் புதிதாக வந்தவனோ, தனியே நடந்து செல்லும் பெண்ணோ பொருளாவதில்லை. கேலி தன்னைவிட வலியாரை நோக்கியே செல்கிறது. பிடிபட்டால் தண்டனையும் உண்டு. துணிவு என்ற சொல் அங்கே பொருந்தும்.

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. “கேலி செய்யப்பட்டவனும் சேர்ந்து சிரித்தானே! அவனுக்கே வருத்தமில்லாதபோது உமக்கு ஏன்?” என்பர். இதற்கு விடை காண நான் உளவியல் நூல்களைத் தேடிச் செல்லவில்லை. நம் தொல்காப்பியத்துக்கே சென்றேன். நகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது மெய்ப்பாட்டியல். அவற்றுள் எள்ளலும் ஒன்று, இளமையும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்காமல் வேறுவேறாக எண்ணியிருக்கிறார் ஆசிரியர். எள்ளலில் பிறந்த சிரிப்பை எடுத்து, இளமையில் பிறந்தது என்று பெயர் மாற்றி மன்னிப்பதுதான் நாம் செய்யும் பிழை. இன்னும் வியப்பு, உரையாசிரியராகிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுப்பது: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் சிரிப்பது மற்றொன்று. எள்ளப்பட்டவனும் சிரிப்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். அவன் சிரிப்பதனால் எள்ளல் எள்ளலாக இல்லாமற் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது சிரிப்பை நான் சிரித்திருக்கிறேன். 1974ஆம் ஆண்டு, கும்பகோணத்திலிருந்து வடக்கே ஒரு கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டென்று அறியாதவன். “காடி” பெண்பால் என்பது தெரியாமல் “காடி ஆத்தா ஹை” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்று முதல் இரவு உணவின்போது மேசைமேல் ஏறி நின்று, ரயில் நிலைய அறிவிப்பாளனைப்போல் அத்தொடரைப் பலமுறை சொல்வது என் கடமையாயிற்று. தயிர்ச் சோற்றை முழங்கைவரை வழித்து உண்ணும் ‘மதராசி’யாக நடித்துக் காட்டவும் சொன்னார்கள். செய்தேன். எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் நானே. சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதற்கு முந்திய வாரம் வேறொருவன் அறையில் கண்டிருந்தேன்.

இதுவரை சொன்னதில் எனக்கு நாணமில்லை. மறு ஆண்டு நடந்ததில்தான் உண்டு. ஒரிசாவின் ஒரு சிற்றூரிலிருந்து ஒல்லியான பையன் ஒருவன், தகரப் பெட்டியோடு வந்தான். இந்தி என்னைவிட மோசம். அவனை மேசைமேல் ஏற்றியவர்களுள் நான் பின்வரிசையில் இல்லை, முன்வரிசையில் இருந்தேன். நான் இனி எள்ளப்படுகிறவன் அல்லன், எள்ளுகிறவன் என்று நாட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. தசரா விடுமுறைக்குப் போனவன் திரும்பவில்லை. உடல்நலக் குறைவு என்று விடுதிப் பதிவேட்டில் எழுதினார்கள். மென்மையானவன், தாக்குப்பிடிக்கவில்லை என்று நாங்கள் எங்களுக்குள் எழுதிக்கொண்டோம். ‘இதெல்லாம் மனிதனை உரமாக்கும்’ என்னும் வாதத்தை இன்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அத்தகரப் பெட்டி நினைவுக்கு வருகிறது. நான் உரமாகவில்லை, அடுத்தவனை எப்படி மிதிப்பது என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவே.

இவ்வளவு சிறியதைப் பெரிதாக்குகிறேன் என்பார்க்கு, பெரியவை எங்கிருந்து பிறந்தன என்று கேட்கிறேன். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவன் ஒருவன் மூத்த மாணவனால் கொல்லப்பட்டான். மறு ஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தண்டனையை உறுதிசெய்ய 2011 ஆயிற்று. 2009இல் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவன். 2023 ஆகஸ்டில் கொல்கத்தா யாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில், வந்து சில நாள்களே ஆன ஒரு வங்காளிச் சிறுவன். இவர்களைத் துன்புறுத்தியவர் எவரும் கொலைகாரராகக் கல்லூரியில் சேர்ந்தவரல்லர். விளையாட்டு என்ற சொல்லின் நிழலில்தான் தொடங்கினர்.

சொல்லின் வல்லமைக்கு இன்னொரு சான்று. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் கீழே விழுந்து கல்லூரி மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். அதன்பின் இயற்றப்பட்ட சட்டத்துக்கு முதலில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்றே பெயர். ஏவாளைக் கேலி செய்தலாம்! ஓர் உயிர் போன பிறகும் அரசின் ஏட்டில் அது கேலியாகவே இருந்தது. பின்னரே சட்டத்தைத் திருத்தி, பெண்ணைத் துன்புறுத்தல் என்று உள்ளதை உள்ளபடி எழுதினர். சட்டம் திருந்திய அளவு நம் வீட்டுப் பேச்சு திருந்தவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வகுத்த விதிகளின்படி, ஆண்டுதோறும் மாணவர் மட்டுமன்றிப் பெற்றோரும் ராகிங்குக்கு எதிரான உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். சேர்க்கை நாளின் பரபரப்பில் அதைப் படிக்காமலே ஒப்பமிட்டவர் நம்முள் எத்தனை பேர்! 2016இல் அவ்விதிகள் திருத்தப்பட்டபோது, சாதி, சமயம், பாலினம் ஆகியவற்றோடு ஒருவனுடைய மாநிலம், மொழி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்து இழிவுசெய்வதும் ராகிங்கே என்று சேர்த்தனர். ‘மதராசி’ என்ற ஏளனத்தை மூன்று தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். அவ்வரியைப் படித்தால் நமக்கு நெஞ்சு நிறையும். ஆனால் நம் பிள்ளை இரண்டாம் ஆண்டில் காலடி வைத்ததும் மணிப்பூரிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒருவனின் பேச்சை நடித்துக் காட்டுகிறானா என்று விசாரித்தோமா? பெண்ணை விடுதிக்கு அனுப்பும்போது ஆறு மணிக்குள் திரும்பு, கூட்டத்தில் போகாதே, முறைத்துப் பார்ப்பவனை ஏறிட்டுப் பாராதே என்று அரைமணி நேரம் சொல்கிறோம். பையனை அனுப்பும்போது ஊறுகாய்ப் புட்டியைப் பத்திரமாகக் கட்டிக் கொடுப்பதோடு சரி.

நாற்காலி நண்பரின் இளைய மகன் வருகிற ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டு போகிறான். அவரிடம் சென்ற வாரம் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: செப்டம்பரில் பையன் பேசும்போது, பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவனின் பெயர் என்னவென்று அவனைக் கேளுங்கள், விடுதியில் வைத்த பெயரன்று, அவன் வீட்டார் வைத்த பெயர். ஒரிசாப் பையனுக்கு நாங்கள் வைத்த பெயர் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவன் தாய் வைத்த பெயர் எனக்கு அன்றே தெரியாது.