‘தெரிஞ்ச புரோக்கர்தான்’... அது மட்டும் போதுமா? முதல்ல சர்வே நம்பரைக் கேளுங்க!

ஆடித்தபசுக்கு லீவு போட்டு சங்கரன்கோவிலுக்கு வர்றவங்க பலரும் சாமி கும்பிட்ட கையோடு இன்னொரு வேலையும் பார்ப்பாங்க. அது, இடம் பார்ப்பது. சென்னையில அரை கிரவுண்டுகூட கைக்கு எட்டாது, சொந்த ஊர்ல நாலு சென்ட் வாங்கிப் போடலாமே என்ற கணக்கு. “மாமாவுக்குத் தெரிஞ்ச புரோக்கர் இருக்காரு” என்று வீட்டில் சொல்வாங்க. பைக்கில் போய்ப் பார்ப்பீங்க, மனை பிடிச்சிரும். “இன்னொரு பார்ட்டியும் கேக்குறாங்க தம்பி, ஒரு டோக்கன் அட்வான்ஸ் போட்டுருங்க” என்பார் அவர்.

அந்த நேரத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “அண்ணாச்சி, சர்வே நம்பர் என்ன?”

நல்ல புரோக்கர் யார் என்பதை இதற்கு வரும் பதிலே சொல்லிவிடும்.

சர்வே நம்பர் எதுக்கு?

சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் கையில் இருந்தால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். இடம் ஏற்கெனவே கைமாறியிருக்கா, பதிவான அடமானம் இருக்கா என்பது மொபைலிலேயே தெரிஞ்சிரும். பதிவாகாத ஒப்பந்தங்கள் அதில் வராது. அதனால் ஒரு வக்கீலிடமும் காட்டணும். அந்த வக்கீலை நீங்களே தேடுங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்றவர் வேண்டாம்.

ரெரா இருக்கே, அது போதாதா?

பாதிதான் போதும். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லே-அவுட்களும், 8 வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டங்களும் ரெராவில் பதிவாகியிருக்கணும். அவற்றை விற்றுத் தரும் ஏஜெண்டும் பதிவு செய்தவராக இருக்கணும். இல்லையென்றால் நாளொன்றுக்கு ரூ.10,000 அபராதம். அதனால் லே-அவுட் மனை என்றால் பதிவு எண்ணைத் தயங்காம கேளுங்க.

ஆனா, பக்கத்துத் தெருவில் ஒருத்தர் தன் பழைய வீட்டை விற்கிறார் என்றால் அந்த புரோக்கருக்கு ரெரா பதிவு தேவையில்லை. சரிபார்க்க லைசென்ஸ் நம்பரும் கிடையாது. அங்கே நீங்கதான் ரெரா!

‘அப்ரூவல் வந்துரும்’ என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, அப்படிப்பட்ட மனைகளை வாங்கி வைத்திருந்தவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-ல்தான் வந்தன.

புரோக்கர் பக்கமும் நியாயம் இருக்கு

சர்வே நம்பரைச் சொல்லத் தயங்குகிற எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. “நம்பரைக் கொடுத்தா ஓனரை நேரா பிடிச்சு நம்ம கமிஷனை வெட்டிருவாங்க” என்பது அவங்க பயம். அப்படிச் செய்கிறவங்களும் இருக்கத்தானே செய்றாங்க? நாலு மாசம் வெயிலில் அலைஞ்சவருக்குக் கடைசியில் கையில் ஒண்ணும் இல்லை என்றால் அதுவும் மோசடிதான்.

அதனால் கமிஷனை முதலிலேயே பேசிருங்க. சட்டம் இத்தனை சதவீதம் என்று நிர்ணயிக்கவில்லை. 1 முதல் 2 சதவீதம் என்று பேசுவது வழக்கம். எவ்வளவு, யார் தரணும், பத்திரப்பதிவு அன்னைக்கா அதுக்கு முன்னாடியா என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கட்டும். அப்புறம் நம்பரைக் கேளுங்க. அதுக்கும் மழுப்பினால் பிரச்சினை கமிஷனில் இல்லை, இடத்தில் இருக்கு என்று புரிஞ்சுக்கலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு: “நீங்க புரோக்கரா, பவர் ஏஜெண்டா, இல்ல ஓனர்கிட்ட அக்ரிமெண்ட் போட்டு விக்கிறீங்களா?” மூணும் வேற வேற. அக்ரிமெண்ட் போட்டு விற்பவருக்குக் கமிஷன் மட்டுமில்லை, விலை வித்தியாசமும் லாபம். பவர் என்றால், பவர் கொடுத்த ஓனரிடம் நீங்களே ஒருமுறை பேசிருங்க. அவர் இறந்துபோனால் சாதாரண பவர் அதோடு முடிஞ்சுபோச்சு.

தெரிஞ்சவர் என்பதால் நம்புறது நம்ம ஊர்ப் பழக்கம். அதை விட வேண்டாம். ஆனா நம்பிக்கையை அட்வான்ஸாகக் கொடுக்காதீங்க, பேப்பர் பார்த்த பிறகு கொடுங்க. ஆடியில் எப்படியும் பத்திரம் போட மாட்டோம். ஆவணி பிறக்கும்வரை கிடைக்கிற நாளெல்லாம் பேப்பர் பார்க்கத்தான்!