சிறு தொட்டிக்கு எந்தக் கடற்குதிரை?

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் மீன்காட்சியகத்தைக் கண்டு திரும்பும் மாணவர் சிலர், வீட்டுத் தொட்டிக்குக் கடற்குதிரை வேண்டுமென்பர். நம் களப்புகளில் வாழும் 'குடா' இனம் 15 சென்றிமீற்றருக்கு மேலும் வளர்வது. சிறு தொட்டி அதற்குச் சிறையே. மெக்சிக்கோ வளைகுடாவின் குள்ளக் கடற்குதிரையோ ஏறத்தாழ 2.5 சென்றிமீற்றர், 20 லீற்றர் நீர் அதற்குத் தாராளம்.

ஆயினும் கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை. உண்டது விரைவிற் கழிந்துவிடும். ஆதலின் உவர்நீர் இறாற் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து, நாளுக்கு இருமுறையேனும் உயிரோடு இடல் வேண்டும். பரீட்சைக் காலத்தில் இடுவது யார்? (அன்னையார் என்று விடை எழுதற்க!)

கடலிற் பிடித்தவற்றை நாம் விரும்போம். பழகாத இரையை ஏலாது அவை பட்டினியால் மடிவதுண்டு. 2004 முதல் இவற்றின் சர்வதேச வாணிபமும் கட்டுப்பாட்டில் உள்ளது. வளர்ப்பகத்தில் பிறந்ததா என வினவி, கண்முன்னே இரையிடச் செய்து, உண்டால் மட்டும் வாங்குக.