தனியொருவர் சுமக்கும் பொதி

இலக்கியம் படிப்போர் நடுவே மென்பொருள் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஏடு தேடி, பாடபேதம் ஒப்பிட்டு, நூல்களைப் பதிப்பித்தோரின் உழைப்பை அறிந்தவர்களுக்கு இப்பேச்சு அந்நியமாகாது என்பது நமது துணிபு.

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கினார். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. பொதி என்பது ஒரு மென்பொருளை, அதனை நிறுவுதற்கு வேண்டிய குறிப்புகளோடு சேர்த்துக் கட்டிய மூட்டை. நிரலை எழுதியவர் எங்கோ இருப்பார். அதனை இயங்குதளத்திற்கு இசையச் செய்து, உரிமத்தைச் சரிபார்த்து, பயனர் சுட்டும் வழுக்களைக் களைந்து, மூல ஆசிரியர்க்கும் அறிவிப்பவரே பொதிப் பராமரிப்பாளர். ஆசிரியர் ஒருவர், பதிப்பாசிரியர் மற்றொருவர் என்னும் நம் வழக்கே இது.

பதிப்பாசிரியரின் கைப்பிழை நூலைக் கெடுப்பது போல இங்கும் நேர்வதுண்டு. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், இடையூறு எனக் கருதிச் சில வரிகள் நீக்கப்பட்டன. விளைவாக, அதன் துணைகொண்டு உருவான மறைவிசைகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. 2008 மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது. நீக்கியவர் தீயவரல்லர், உடனிருந்து ஊன்றிப் பார்ப்பார் இல்லாமற்போனதே குறை.

எனவே புதியவரிடம் எடுத்த எடுப்பில் சாவியை ஒப்படைப்பதில்லை. அவர் கட்டிய பொதியை மூத்த உறுப்பினர் ஒருவர் சோதித்துத் தம் பெயரால் ஏற்றிவிடுகிறார். சிலகாலம் இவ்வாறு உழைத்தவர், 2007-இல் வாக்கெடுப்பால் ஏற்கப்பட்ட முறைப்படி, குறிப்பிட்ட பொதிகளை மட்டும் தாமே ஏற்றும் உரிமை பெறலாம். முழு உறுப்பினராவதற்கு மற்றோர் உறுப்பினரின் பரிந்துரையும், அடையாளச் சரிபார்ப்பும், கொள்கையறிவு, செயல்திறன் ஆகியவற்றில் தேர்வும் உண்டு. சிறப்புப்பாயிரமும் அரங்கேற்றமும் நினைவுக்கு வரவில்லையா?

ஏட்டளவில் இம்முறை செம்மையானது. நடைமுறையில் அது மூத்தவர் ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கிறது. நாம் அறிந்த மாணவி ஒருவர், இத்தகைய இயங்குதளங்களுள் ஒன்றிற்காக (பெயர் வேண்டா) சிறு பொதியொன்றைக் கட்டி அனுப்பினார். பல மாதங்கள் மறுமொழி இல்லை. பின்னர் வந்ததும் இரண்டே வரி: இன்னின்னவை தவறு. ஏன் தவறு என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அவர் திருத்தி அனுப்பினார், மீண்டும் மௌனம். இன்று அவர் அப்பக்கம் திரும்புவதில்லை. இழப்பு அவர்க்கன்று, அவர் இருபதாண்டுகள் சுமந்திருக்கக்கூடிய பொதிகளுக்கே.

‘புதியவர்களை எளிதில் சேர்க்கலாமா? எக்ஸ்இசட் நிகழ்ச்சியை மறந்தீரோ?’ என்பார் உளர். மறக்கவில்லை. எண்ணற்ற கணினிகளில் இடம்பெற்ற அச்சுருக்கு நிரலை நெடுங்காலமாக ஒருவரே பெரும்பாலும் தனித்துப் பேணிவந்தார். 2021-இல் வந்து சேர்ந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்லவராய் உழைத்து, இணைப்பராமரிப்பாளராகி, 2024 தொடக்கத்தில் மறைவாயில் ஒன்றை உள்ளே வைத்தார். இடையில், வேறு பெயர்களில் வந்தோர் சிலர், வேலை தாமதமாகிறதென்று சோர்ந்திருந்த அந்தப் பழைய பராமரிப்பாளரை இடித்துரைத்து நெருக்கினர். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்பார் அதனை வெளிப்படுத்தினார். கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாவது ஏன் என்று அவர் ஐயுற்றதே காரணம். டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. சோதனைப் பதிப்புகளில் புகுந்துவிட்டிருந்தது.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? கதவை அடைக்க வேண்டும் என்பதன்று. சுமையைத் தனியொருவர் தோளில் விட்டுவைத்தமையால், உதவி என்று வந்தவரை ஆராய அவருக்கு வலுவும் இல்லை, ஆராய உடனிருப்பாரும் இல்லை. நால்வர் கூடிப் பேணும் பொதியில் புதியவரின் ஒவ்வொரு வரியும் வேறு மூவர் கண்ணில் படும். புதியவரைப் பழக்குவதும் காவலின் ஒரு கூறே என்பது நமது கருத்து.

செய்யத்தக்கவை சில உண்டு. புதியவரைப் புதுப்பொதி கட்டச் சொல்லாமல், பராமரிப்பார் இன்றி விடப்பட்ட பொதிகளை முதலில் ஏற்கச் செய்தல் நன்று. டெபியனில் அத்தகையவற்றுக்குத் தனிப்பட்டியலே உண்டு. தனியே விடாமல் குழுவொன்றில் சேர்த்தல் வேண்டும். திருத்தம் கூறுவோர் காரணமும் கூறல் வேண்டும். காரணமற்ற திருத்தம் கட்டளையாகுமேயன்றிக் கல்வியாகாது. நேரமில்லையெனின் ‘இயலவில்லை’ என்னும் ஒரு சொல்லையேனும் விரைந்து அனுப்புதல் மரியாதை. எல்லாவற்றினும் மேலாக, எத்தனை பொதிகளை ஏற்றினார் என்று மூத்தவரை மதிப்பிடுவது போலவே, எத்தனை பேரை உருவாக்கினார் என்றும் மதிப்பிடல் வேண்டும்.

மூத்தவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்களுட் பெரும்பாலோர் ஊதியமின்றி, அலுவல் முடிந்த பின்னிரவுகளில் உழைப்பவர்கள். கற்பித்தல் எத்துணை அயர்ச்சி தருவது என்பதை வகுப்பறையில் நிற்கும் நாம் அறியாதவரல்லோம். ஒரே ஐயத்தை ஆண்டுதோறும் புதிய முகங்களுக்கு விளக்குவது எளிதன்று. எனினும் நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கனுக்கு மட்டுமா இலக்கணம் வகுத்தது? ஆசிரியனுக்கும் வகுத்ததன்றோ! புதியவரின் தகுதியைச் சோதிக்க இத்தனை படிகள் அமைத்தவர்கள், அவரைக் கைதூக்கிவிடுவோரின் கடமைக்கும் சில படிகள் அமைத்தல் முறை.

இன்று பொதிகளைச் சுமப்போர் ஒருநாள் ஓய்வர். அதற்குள் மாற்றுத்தோள் ஒன்றைப் பழக்கியிருத்தல் வேண்டும்.