சிவப்பு அடிக்காதீங்க, ப்ளீஸ்!

போன செமஸ்டர் இன்ஸ்பெக்‌ஷன் வந்தப்போ நம்ம ஒர்க்‌ஷாப் பின்பக்கம் போனீங்களா? மூலையில் கிடந்த பழைய பம்ப்செட்டுக்கு ஒரே நாளில் சில்வர் பெயிண்ட் அடிச்சு, கீழே சிவப்புத் துணி விரிச்சு, "பாரம்பரிய இயந்திரம்" என்று ஓர் அட்டை வெச்சிருந்தாங்க. போட்டோவில் பளபளன்னு இருந்தது. அடுத்த வாரம் கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பெனி பெயர், சீரியல் நம்பர், ஆர்.பி.எம். எல்லாம் பொறிச்சிருந்த பித்தளைத் தகட்டின் மேலேயும் பெயிண்ட். கிரீஸ் நிப்பிள் மேலேயும் பெயிண்ட். ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினேன், அசையவே இல்லை. அது எந்த வருஷம், எங்கே செஞ்ச பம்ப் என்று இப்போது பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி அந்தக் கடுப்பில் பழைய பம்ப்களைப் பற்றித் தேடினப்போதான், இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர் காலத் தீயணைப்பு வண்டிகளை ரெஸ்டோர் பண்றவங்களைப் பற்றித் தெரிய வந்தது. ரெண்டு மாசமா அதையே படிச்சுக்கிட்டிருக்கேன். அதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு கருத்தைத்தான் இங்கே உங்க முன்னாடி வைக்கிறேன்: பழைய இயந்திரத்தைப் புதுசு மாதிரி காட்டுவது ரெஸ்டோரேஷன் ஆகாது. அது பட்டதை அழிக்காமல், அதைத் திரும்ப வேலை செய்ய வைக்கணும்.

ஆஸ்டின் கே2 என்ற வண்டியை எடுத்துக்குங்க. 6 சிலிண்டர், சுமார் 3.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின். அன்றைக்கு அதே சேசிஸில் ராணுவ ஆம்புலன்ஸும் ஓடியது. 1938-இல் பிரிட்டன், போர் வந்தால் நகரங்கள் எரியும் என்று எதிர்பார்த்து, துணைத் தீயணைப்புப் படை ஒன்றைத் தொடங்கியது. கடைக்காரர், குமாஸ்தா, டிரைவர் என்று சாதாரண மக்கள்தான் அதில் சேர்ந்தார்கள். பெண்கள் டெலிபோன் பார்த்தார்கள், வண்டியும் ஓட்டினார்கள். ஆரம்பத்தில் வண்டி பத்தாமல் லண்டன் டாக்ஸிகளின் பின்னாடியே டிரெய்லர் பம்பைக் கட்டி இழுத்தார்கள். பிறகு அதே வேலைக்கு வந்ததுதான் இந்த கே2. உள்ளே ஆட்கள் உட்கார பெஞ்ச், மேலே ஏணி, பின்னாடி டிரெய்லர் பம்ப். கூரை மட்டும் கனமான இரும்பு. இடிந்து விழும் சுவரும் குண்டுச் சிதறலும் தலையில் விழாமல் இருக்க.

இப்ப ஒரு கேள்வி. அந்த வண்டி என்ன நிறம்? சிவப்புன்னுதானே சொல்வீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். சாம்பல் நிறம் பாஸ்! பித்தளை மினுக்கலும் கிடையாது, குரோமும் கிடையாது. ஹெட்லைட்டில் மெல்லிய கீற்றாக மட்டும் வெளிச்சம் விடும் மூடி. இருட்டில் மோதிக்காமல் இருக்க மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பட்டை. வானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் படாமல் தீயணைக்கப் போன வண்டி அது. அதுக்குப் போய் ரத்தச் சிவப்பு அடிச்சு, மூலைக்கு மூலை தங்கக்கோடு போட்டா, பார்க்கிற குழந்தைக்கு நாம சொல்ற கதையே பொய்யாகிடும்.

"பெயிண்ட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்பீங்க. பெயிண்ட் ஆரம்பம்தான், அடுத்து பம்புக்கு வருவோம். கண்காட்சியில் தண்ணி பீய்ச்சிக் காட்டணும் என்பதற்காகப் பழைய பம்பைக் கழற்றிவிட்டு, உள்ளே புது மோட்டாரை ஒளிச்சு வைக்கலாம். தண்ணி நல்லாவே வரும். ஆனா 1940 டிசம்பர் 29 ராத்திரி லண்டனில் என்ன நடந்தது என்பது அந்த வண்டியைப் பார்த்துப் புரியாது.

அன்னைக்கு நகரத்தின் நடுப்பகுதியில் எரிகுண்டுகள் மழையாகக் கொட்டின. தரைக்கடியில் இருந்த குடிநீர்க் குழாய்கள் உடைந்தன. பக்கத்தில்தானே தேம்ஸ் ஆறு, அதிலிருந்து எடுக்கலாம் என்றால், ஆற்றில் வற்றம். தண்ணீர் ரொம்பக் கீழே இறங்கி, நடுவில் சேறு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எழுதினவங்களுக்கு இது உடனே உறைக்கணும். பம்ப் தண்ணியை இழுப்பதில்லை; காற்றழுத்தம்தான் மேலே தள்ளுது. கணக்குப்படி 10.3 மீட்டர்தான் உச்சம், நடைமுறையில் 7, 8 மீட்டர் தாண்டினாலே திண்டாட்டம். அதுவும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் காற்றை வைத்துக்கொண்டு ஒண்ணும் செய்யாது. முதலில் பிரைம் பண்ணணும். நாம ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்த அந்த வரிக்கு, சேற்றில் நின்னுக்கிட்டு எரியும் ஊரைப் பார்த்த மனுஷங்க விலை கொடுத்திருக்காங்க. பிரிட்டன் முழுக்க அந்தப் போரில் இறந்த தீயணைப்பு வீரர்கள் சுமார் 1,000 பேர். பழைய பம்பையே பழைய பிரைமரோடு ஓட வைத்தால், அந்தச் சில நொடிக் காத்திருப்பை, தண்ணி ஏறுமா ஏறாதா என்ற தவிப்பை, நாமும் கொஞ்சம் உணரலாம்.

இன்னொண்ணு. போர் தொடங்கினப்போ பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேல் தனித்தனித் தீயணைப்புப் படைகள். பக்கத்து ஊர்க்காரன் உதவிக்கு ஓடி வந்தாலும் அவன் ஹோஸ் இவன் ஹைட்ரண்ட்டில் மாட்டாது! 1941 ஆகஸ்ட்டில் எல்லாரையும் ஒரே தேசியப் படையாகச் சேர்த்தார்கள். தள்ளினதும் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் இரண்டரை அங்குல இன்ஸ்டன்டேனியஸ் கப்ளிங் நாடு முழுக்கப் பரவியதும் அந்தக் காலத்தில்தான். நாளைக்கு ஹாஸ்டல் வராந்தாவில் இருக்கிற சிவப்புப் பெட்டியைத் திறந்து பாருங்க. ஹைட்ரண்ட் வாயில் 63 மில்லிமீட்டர் கப்ளிங், ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த காது. அதே குடும்பம்தான். தினமும் அதில்தான் ஈரத்துண்டைக் காயப் போடுறோம்.

சரி, ரெஸ்டோரேஷன் வேலை எப்படி இருக்கும்? நாலு வருஷப் பாடத்தை அது ஒரே வாரத்தில் சோதிச்சுடும். நட்டெல்லாம் விட்வொர்த் வகை. நம்ம மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டுத் திருகினா மூலை மழுங்கிடும். அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் அளவு நட்டின் அகலம் கிடையாது, போல்ட்டின் விட்டம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். மாஸ்க் இல்லாமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைத் தின்னும். இதெல்லாம் எந்த சிமுலேஷனும் முன்கூட்டியே எச்சரிக்காது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல பாயிண்ட் வெச்சிருக்கு. 1948-இல் இந்த வண்டிகள் உள்ளூர் நிர்வாகங்களின் கைக்குத் திரும்பினப்போ, பலவற்றுக்கு அவர்களே சிவப்பு அடித்தார்கள். அப்போ சிவப்பும் அந்த வண்டியின் வரலாறுதானே? நியாயம்தான். அதனால்தான் நல்ல ரெஸ்டோரர் முதலில் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. கண்ணில் படாத ஓர் இடத்தில், காசு அகலத்துக்கு, ஈரமான மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்கிறார். சிவப்புக்குக் கீழே சாம்பல், அதுக்குக் கீழே பிரைமர் என்று மரத்தின் வளையம் மாதிரி வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகு, எந்த வருஷத்துக்குத் திருப்பப் போகிறோம் என்று முடிவெடுத்து, அதை எழுதி வைக்கிறார். எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்பதையும் குறிக்கிறார். கழற்றின பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் பெட்டியில் போட்டு வைக்கிறார். சிவப்பு அடிக்கணும்னா தாராளமா அடிக்கட்டும். ஆனா தெரிஞ்சு அடிக்கட்டும். நாம அன்னைக்கு ஒர்க்‌ஷாப்பில் செய்தது தெரியாமல் அடிச்சது. அதுதான் என் சண்டை.

இது என்னவோ வெள்ளைக்காரன் கதைன்னு நினைக்காதீங்க. 1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகம். வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அதனால்தான் வருஷா வருஷம் ஏப்ரல் 14 நாடு முழுக்கத் தீயணைப்புத் துறையின் நினைவு நாள். நமக்கு அது சித்திரை ஒண்ணு, லீவு, பாயசம். அந்த 66 பேர் ஏறிப்போன மாதிரி ஒரு வண்டியை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

நம்மகிட்ட கே2 இல்லை, ஆனா ஒரு பம்ப் இருக்கு. அதன் பித்தளைத் தகட்டு மேல இருக்கிற சில்வர் பெயிண்ட்டை மட்டும் முதலில் எடுக்கலாம்னு ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அண்ணாகிட்ட பேசியிருக்கேன். "கிளவுஸும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு வாங்கப்பா" என்று சொல்லிட்டாரு. சனிக்கிழமை காலை 10 மணி. தின்னர், பஞ்சு, பழைய டூத் பிரஷ், ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் தேவை. எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் வாங்க. அந்தத் தகட்டில் என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து படிப்போம்.