பெயரிலே உற்சாகம், கூலியிலே பூஜ்யம்!

மத்திய சர்க்காருக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. செல்போனில் ஒரு செயலி விட்டாலும், டிரோன் பறக்கவிட்டாலும், அதற்கு இந்தியிலோ சமஸ்கிருதத்திலோ இனிப்பான ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை வேண்டும்!

2017-ல் வந்தது 'உமங்'. இந்தியில் உற்சாகம் என்று பொருள். விரித்தால் 'யூனிஃபைடு மொபைல் அப்ளிகேஷன் ஃபார் நியூ ஏஜ் கவர்னன்ஸ்'! பிராவிடண்ட் பண்டில் தன் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மில் தொழிலாளி இதற்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இந்தியும் இங்கிலீஷும் அறியாத அவருக்கு இந்தப் பெயர் எதைச் சொல்கிறது?

2020-ல் வந்தது 'ஸ்வாமித்வா'. உடைமை என்று பொருள். கிராமத்துக் குடியிருப்பு மனைகளை டிரோன் மூலம் அளந்து, வீட்டுக்காரருக்குச் சொத்து அட்டை கொடுப்பதே இதன் காரியம். விளைநிலம் இதில் சேராது. நிலமற்ற கூலிக்கு ஒரு சென்ட் பூமியும் கிடைக்காது. பெயர் மட்டும் உடைமை! அந்தப் பெயரை வரவழைக்க 'இம்ப்ரோவைஸ்டு டெக்னாலஜி' என்ற சொற்களையும் நுழைத்தார்கள். அதாவது, கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய தொழில்நுட்பம்! சொத்துப் பத்திரத்துக்கு நல்ல சாட்சி!

"பெயர் சுலபமாக நினைவில் நிற்கும்" என்பார்கள். யாருடைய நினைவில்? பெயர் என்பது வாசலில் தொங்கும் பலகை. வருகிறவன் படித்துப் புரிந்துகொள்ளத்தான் பலகை, மாட்டியவன் ரசிப்பதற்கல்ல.

ஓர் இடத்தில் மட்டும் சர்க்கார் அலங்காரத்தை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டது. 100 நாள் வேலைத் தளங்களில் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிய செயலியின் பெயர், 'தேசிய மொபைல் கண்காணிப்பு அமைப்பு'! தினம் இருமுறை படம் பிடிக்க வேண்டும். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால், மண் வெட்டியவரின் ஆஜர் இல்லை, கூலியும் போயிற்று. எழுத்துக்கு எழுத்து பொருத்திய உற்சாகமும் உடைமையும் விளம்பரத்துக்கு, உழைப்பாளிக்கோ கண்காணிப்பு!

அந்த வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேற்றிய சட்டத்திலும் அதே வித்தைதான். காந்தியின் பெயரை எடுத்துவிட்டு, எழுத்துகளைக் கோத்து 'ஜி ராம் ஜி' என்று முடித்தார்கள்.

தோழர்களே! எழுத்துக் கோவையால் அடுப்பு எரியாது. கிளர்ந்தெழுந்து கேளுங்கள்:

செய்யும் வேலையைச் சொல்லும் பெயரை, ஜனங்களின் பாஷையில் வை!

செயலி பழுதானால், தாளில் எழுதிய வருகைப் பதிவேட்டை ஏற்றுக்கொள்!

உழைத்த நாளுக்குக் கூலி கொடு!